குடிவழியை டிஎன்ஏ காட்டிக் கொடுக்குமா? (கோயில் பிரச்சினை ஒன்றுக்காகக் கேட்கிறேன்)

கல்லாற்றுப் பொடியன்:

வணக்கம். பயோ படித்தவர்கள், ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள்.

எங்கட மட்டக்களப்புப் பக்கத்துக் கோயில் ஒன்றில் வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) தெரிவு இந்த முறை குழம்பிப் போய் நிற்கிறது. ஒரே குடி (தாய்வழியில் இறங்கும் குலப்பிரிவு) என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு பகுதி. ஒரு பகுதி சொல்கிறது, மற்றப் பகுதியின் பூட்டி வேறு ஊரிலிருந்து வந்தவர், அவரைக் குடியில் சேர்த்துக்கொண்டார்களே தவிர அவர் குடிப் பெண் இல்லை, ஆகவே அந்த வயிற்றுவாருக்கு (அவருடைய பெண்வழிச் சந்ததிக்கு) உரிமை இல்லை என்று. மற்றப் பகுதி அதைக் கேட்டுக் கொதித்துப்போய் இருக்கிறது. நான் எந்தப் பகுதி என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதற்குள் ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் வந்து, "இதுக்கு ஏன் சண்டை, எச்சிலைக் குழாயில துப்பி அனுப்பினால் பதில் வந்திடும்" என்று போட்டுவிட்டார். அவருடைய மகள் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறாளாம், அறிக்கையையும் அனுப்பினார். பெரும்பங்கு "தென்னிந்தியாவும் இலங்கையும்", தாய்வழிப் பிரிவு எம்2, கடைசியில் அழிந்துபோன பழைய மனித இனமான நியண்டர்தால் மனிதரிடமிருந்து வந்த துண்டுகள் இத்தனை என்று ஒரு கணக்கு. உடனே ஒருவர் "எம்2 தான் எங்கட குடி" என்று எழுத, இன்னொருவர் ஊர் வரலாறு சொல்லும் பழைய நூலான மட்டக்களப்பு மான்மியத்தை இழுத்து, நாங்கள் காலிங்கத்திலிருந்து (இன்றைய ஒடிசாப் பக்கம்) வந்தவர்கள், அது ஏன் இந்த அறிக்கையில் இல்லை என்று கேட்க, இரவு முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். குடியை டிஎன்ஏயில் பார்க்க முடியுமா? காலிங்கம் தெரியுமா? வெள்ளைக்காரர் பழைய எலும்பையெல்லாம் தோண்டிப் படிக்கிறார்களே, இங்கே ஏன் அப்படி ஒன்றும் நடப்பதாகக் கேள்விப்படவில்லை?


ஆரையம்பதி மிஸ்:

தம்பி, முதலில் அந்த எம்2 கதையை முடித்துவிடுவோம். அறிக்கை மாமாவின் மகளுடையது. மாமாவின் மகளுக்கு மாமியின் குடி. டிஎன்ஏயும் அதே வழியில்தான் போகும், இழைமணி (மைட்டோகாண்ட்ரியா, கலத்துக்குச் சக்தி தருகிற சிற்றுறுப்பு) டிஎன்ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், தகப்பனின் விந்தில் இருக்கிற கொஞ்ச இழைமணியும் கருமுட்டைக்குள் போனதும் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே அந்த எம்2 மாமியுடையது, மாமியின் தாயுடையது, அவருடைய தாயுடையது. கல்யாணம் பேசும்போது குடியை அவ்வளவு கவனமாகப் பார்க்கிற ஆக்கள், இதில் ஒருவருக்குக்கூட அது படவில்லை பாருங்கள்.

சரி, எம்2 உங்கள் குடியுடையதே என்று வைத்துக்கொண்டாலும் அதனால் ஒன்றும் ஆகாது. அது தென்னாசியாவின் மிகப் பழைய தாய்வழிக் கிளைகளில் ஒன்று, வேர் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்னால் போகிறது. தென்னிந்திய மலைக்காடுகளில் இருக்கிற பழங்குடிகளிடமும் இருக்கிறது, சமவெளியில் இருப்பவர்களிடமும் இருக்கிறது. கோயில் திருவிழாவில் எந்தக் குடிக்கு எத்தனையாம் நாள் என்பதை அதில் போய்த் தேட முடியாது.

இழைமணி டிஎன்ஏயின் நீளம் 16,569 எழுத்து (டிஎன்ஏயின் ஓர் அலகை ஓர் எழுத்து என்பார்கள்). நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) இருக்கிற 300 கோடி எழுத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு துரும்பு. ஆனால் அது கலக்காமல் இறங்குகிறது, தாய் தந்ததை மகள் அப்படியே மகளுக்குத் தருகிறாள். எப்போதாவது ஓர் எழுத்து மாறும், முழு இழைமணிக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்று கணக்கு. இனி உங்கள் ஊருக்கு வருவோம். குடிமுறையை வகுத்தது மாகோன் என்றுதான் மான்மியம் சொல்கிறது. அந்த மாகோன், அதாவது காலிங்க மாகன் என்ற அரசன், பொலன்னறுவையைப் பிடித்தது 1215 இல். அதிலிருந்து இன்றைக்கு எண்ணூறு ஆண்டும் கொஞ்சமும், முப்பது தலைமுறையளவு. அந்தக் காலத்துக்குள் ஒரு குடியில் ஒரு புதிய எழுத்து மாற்றம்கூட விழாமல் போயிருக்கலாம். ஆகவே "உலகிப்போடி குடி அடையாளம் இது, காலிங்கா குடி அடையாளம் அது" என்று தனித்தனி முத்திரை குத்தி வருவதற்குக் காலம் காணாது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டு பகுதியிலும் தாய்வழி அறுபடாமல் வருகிற ஒவ்வொருவரின் முழு இழைமணி வரிசையை எடுத்து அருகருகே வைக்கலாம். இரண்டும் தெளிவாக வேறு கிளையென்றால், பூட்டியின் பூட்டி வரை போனாலும் இவர்களுக்கு ஒரே தாய் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் ஒன்றாக இருந்தால், "ஆகவே ஒரே குடி" என்று சொல்ல ஏலாது! அந்த வரிசை ஊரில் பாதிப் பேருக்கு இருக்கலாம், வந்த பூட்டிக்கும் தற்செயலாக அதுவே இருந்திருக்கலாம். மறுக்கப் பாவிக்கலாம், நிறுவப் பாவிக்க முடியாது. கோயில் கூட்டத்தில் இதை விளங்கப்படுத்தப் போகிறவருக்கு என் அனுதாபம்.

தாய்வழி எவ்வளவு உறுதியாக இறங்கும் என்பதற்கு ஒரு நல்ல கதை, உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது. இங்கிலாந்து அரசன் மூன்றாம் ரிச்சர்ட் 1485 இல் போரில் செத்தான். எலும்பு 2012 இல் லெஸ்டர் நகரத்தில் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே அகப்பட்டது. அவனுடைய சகோதரியின் பெண்வழியில் வந்த, கனடாவில் பிறந்த ஒரு தளபாடத் தச்சரின் இழைமணியோடு ஒப்பிட்டார்கள், ஐந்நூறு ஆண்டு கழித்து அப்படியே பொருந்தியது. அதே அரச குடும்பத்தின் ஆண்வழியில் வந்ததாகப் பத்திரங்களோடு இருந்தவர்களின் வை நிறமூர்த்தம், தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தகப்பன், பத்திரத்தில் எழுதப்பட்ட தகப்பன் இல்லை.


வாழைச்சேனை மச்சான்:

கோயில் வழக்கை கனடா லாப் தீர்த்துவைக்கட்டும், நல்லது. திருவிழாச் செலவை எந்த லாப் தரும் என்றும் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.


அக்கரைப்பற்றான்:

மிஸ் எழுதியதில் அந்தக் கடைசிப் பகுதி எங்கட ஆக்களுக்கும் வேணும். அக்கரைப்பற்று, காத்தான்குடி, கல்முனை எங்கே போனாலும் முஸ்லிம்களுக்கும் குடி இருக்கிறது, அதுவும் உம்மாவின் குடிதான், பள்ளி மரைக்காயர்மாரைக்கூட (பள்ளிவாசல் நிர்வாகிகள்) குடிப்படி எடுக்கிற வழக்கம் இருந்தது. வாப்பாவின் பக்கம் கேட்டால் அரபு வியாபாரி வந்து இங்கே கல்யாணம் முடித்தார் என்கிற கதை. ஒரு வீட்டுக்குள்ளேயே தாய்வழி ஒன்று, தகப்பன்வழி இன்னொன்று.

நான் சயன்ஸ்காரன் இல்லை, ஆனால் வாசித்ததில் ஒன்று அப்படியே எங்கட கதை மாதிரி இருந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாஹிலி ஆக்கள் இருக்கிறார்கள், கடல் வியாபாரம், பவளக்கல்லில் பள்ளிவாசல், எல்லாம். அவர்களும் நாங்கள் பாரசீகத்துச் ஷிராஸ்காரரின் சந்ததி என்று காலாகாலமாகச் சொல்லி வந்தார்கள். வெள்ளைக்கார ஆய்வாளர் பலர் அது பெருமைக்குக் கட்டிய கதை என்று தள்ளிவிட்டார்கள். 2023 இல் அந்தக் கரையின் பழைய அடக்கஸ்தலங்களில் இருந்த எண்பது பேரின் டிஎன்ஏயைப் படித்து வெளியிட்டார்கள், ஏறக்குறைய 1250 முதல் 1800 வரை வாழ்ந்தவர்கள். தாய்வழி இழைமணி பெரும்பாலும் ஆப்பிரிக்கா. ஆண்வழி வை நிறமூர்த்தம் பெரும்பாலும் பாரசீகப் பக்கம், கொஞ்சம் இந்தியக் கலப்பும் உண்டு. கலப்பு தொடங்கியது கிட்டத்தட்ட கி.பி. 1000 அளவில். ஆகவே கதையும் சரி, கதையில் பேர் வராத பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். வந்தவர் மொழியை விட்டுவிட்டு அந்தப் பெண்களின் மொழியைத்தான் பிள்ளைகள் பேசினார்கள் என்பதையும் கவனியுங்கள், எங்களுக்குத் தமிழ் வந்தது எப்படி என்று யோசிக்கிறவர்களுக்கு.

மிஸ்ஸிடம் ஒரு கேள்வி. எங்கட வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போவார். இதனால் ஊருக்கு ஊர் தாய்வழி டிஎன்ஏ வித்தியாசமாகத் தேங்கி நிற்காதா?


ஆரையம்பதி மிஸ்:

நல்ல கேள்வி, அதை உண்மையாகவே பார்த்திருக்கிறார்கள். வட தாய்லாந்து மலைவாசிகளிடம், 2001 இல் வந்த ஆய்வு. பெண் தன் ஊரிலேயே இருந்து ஆண் இடம்மாறுகிற சமூகங்களில், ஊருக்குள்ளே இழைமணி வகைகள் குறைவு, ஊருக்கு ஊர் வித்தியாசம் கூட. வை நிறமூர்த்தத்துக்கு நேர்மாறு. பெண் புகுந்த வீட்டுக்குப் போகிற சமூகங்களில் எல்லாம் தலைகீழ். ஆகவே கல்லாற்றிலும் காத்தான்குடியிலும் அதே வடிவத்தைத்தான் நான் எதிர்பார்ப்பேன், இரண்டு ஊரிலும் சீதன வீடு பெண்ணுக்குத்தானே.

அந்த மலைவாசி ஆய்வை நான் வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், "மிஸ், அப்ப வாப்பாமாரின் டிஎன்ஏதான் பஸ் ஏறிப் போகுது" என்று.


தம்பிலுவில் லாப்காரன்:

தம்பி, உங்கள் மூன்றாம் கேள்விக்கு நான் வருகிறேன். ஊர் தம்பிலுவில், இப்போது ஐரோப்பாவில் ஒரு இடத்தில் வரிசைப்படுத்தும் இயந்திரங்களோடு வேலை. பழைய எலும்புக்காரர் இருப்பது அடுத்த அறையில். அங்கே என்னைச் சும்மா விடமாட்டார்கள், விட்டாலும் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறைக்கு மேல் கையுறை, மேசையெல்லாம் குளோரின் போட்டுத் துடைத்திருக்கும், இரவில் புறஊதா விளக்கு எரியும். ஏனென்றால் ஐயாயிரம் ஆண்டு பழைய எலும்புத்தூளில் இருக்கிற மனித டிஎன்ஏயைவிட என் ஒரு தும்மலில் இருப்பது அதிகம்.

அவர்கள் தேடுவது முழு எலும்புக்கூடு இல்லை. மண்டையோட்டில் உள்காதைச் சுற்றியிருக்கிற ஒரு சின்ன எலும்பு, உடம்பிலேயே இறுக்கமானது. 2015 அளவில்தான் மற்ற எலும்புகளைவிட அதில் பல மடங்கு டிஎன்ஏ தங்குகிறது என்பது நன்றாகத் தெரியவந்தது, அதற்குப் பிறகுதான் இந்தத் துறையே வேகம் பிடித்தது. சின்னத் துளைகருவியால் குடைந்து எடுக்கிற தூள் ஒரு சிட்டிகைகூட வராது. அதிலிருந்து வருவது 40, 50 எழுத்து நீளத் துண்டுகள், கோடிக்கணக்கில், அவற்றிலும் பெரும்பங்கு மண்ணில் இருந்த பற்றீரியாக்களுடையது. துண்டின் நுனியில் சைற்றோசின் கெட்டுப்போய், சி இருக்கவேண்டிய இடத்தில் டி என்று வாசிக்கும். அந்தப் பழுதைத்தான் முதலில் தேடுவார்கள். பழுது இல்லாமல் வடிவாக வாசிக்கக்கூடிய டிஎன்ஏ வந்தால் சந்தோஷப்படமாட்டார்கள், அது தோண்டினவருடையது.

இப்போது எங்கட பிரச்சினை. டிஎன்ஏக்கு எதிரி சூடும் தண்ணீரும். நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவை எலும்புகளை வைத்து 2012 இல் ஒரு கணக்குப் போட்டார்கள், சராசரி 13 பாகை வெப்பத்தில் 242 எழுத்து நீளமான இழைமணித் துண்டுகள் 521 ஆண்டில் பாதியாகிவிடும் என்று. அது குளிர் நாட்டுக் கணக்கு. மட்டக்களப்பில் வருஷச் சராசரியே 27, 28 பாகை, மாரியில் வெள்ளம் ஏறி இறங்கும் மண். சைபீரியாவின் உறைபனிக்குள் கிடந்த மாமத் யானையின் பல்லில் பத்து லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட டிஎன்ஏயை 2021 இல் வாசித்தார்கள், இங்கே இரண்டாயிரம் ஆண்டு எலும்பில் ஒன்றும் வராமல் போகலாம். ஹரியானாவில் ராகிகடி என்ற சிந்துவெளி நகரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகளை முயன்று ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் உருப்படியாக வாசிக்க முடிந்தது, 2019 இல் வந்தது. அந்த ஒருத்தி போதுமாக இருந்தாள், மத்திய ஆசிய ஸ்டெப்பி புல்வெளிக்காரரின் கலப்பு அவளிடம் இல்லை, அந்தக் கலப்பு இந்தியாவுக்குப் பிறகுதான் வருகிறது என்று காட்ட. ஒரு பெண்ணை வைத்து ஒரு நாகரிகத்தையே பேசலாமா என்று இன்னும் சண்டை பிடிக்கிறார்கள், அது வேறு.

தமிழ்நாட்டில் கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழி எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கட பக்கம் கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. மண்ணும் ஈரமும் விட்டுவைத்திருந்தால் பார்க்கத்தான் வேணும். ஆனால் இன்றைக்கு நாங்கள் கும்பிடுகிற ஆக்களின் மயானத்தையோ, மையவாடியையோ தோண்டச் சொன்னால் முதலில் நானே மறிப்பேன்.

இன்னொன்று, இது குடிக்காரர்களுக்கு இனிக்கும். பழைய எலும்பில் குடிமுறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாக்கோ பள்ளத்தாக்கு, பெரிய கல்வீடு ஒன்றின் ஓர் அறையில் தலைமைக் குடும்பத்து ஆக்களை ஒருவர் மேல் ஒருவராகப் புதைத்திருந்தார்கள், முந்நூறு ஆண்டுக்கு மேலாக. டிஎன்ஏ வாசிக்க முடிந்த ஒன்பது பேருக்கும் ஒரே இழைமணி வரிசை. ஒன்பதும் ஒரே வயிற்றுவார். 2017 இல் வந்த செய்தி அது. இங்கிலாந்தின் டோர்செட்டில் இரண்டாயிரம் ஆண்டு முந்திய ஒரு மயானம், உரோமர் வருவதற்குச் சற்று முன்னும் பின்னும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரே தாய்வழி, அந்த வழியில் சேராதவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதாவது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமார். 2025 இல் அதைப் படித்தபோது எனக்கு எங்கட பெரியம்மா வீட்டு முற்றம்தான் ஞாபகம் வந்தது.


படுவான்கரை:

எல்லாம் சரி. ஆனால் அடிக் கேள்வியை ஒருவரும் தொடவில்லை. இந்த மண்ணில் முதல் இருந்தது யார்? அதை டிஎன்ஏ சொல்லுமா சொல்லாதா? சொன்னால் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்?


தம்பிலுவில் லாப்காரன்:

அண்ணே, பேசாமல் இல்லை, கனக்கப் பேசியிருக்கிறார்கள், கேட்க ஆசைப்பட்ட பதில் வரவில்லை என்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் மனவருத்தம்.

தீவில் மனிதர் இருந்ததற்கான பழைய தடம் பாகியங்கல குகைப் பக்கம், ஏறக்குறைய 48,000 ஆண்டு. அம்பும் வில்லும் வைத்துக் குரங்கும் அணிலும் பிடித்துத் தின்ற ஆக்கள். அவர்கள் தமிழும் பேசவில்லை, சிங்களமும் பேசவில்லை, அந்த மொழிகளே அப்போது இல்லை. இன்றைக்கு இருப்பவர்களில் அந்தப் பழைய வேட்டைக்காரர் வழியோடு நெருக்கம் என்று எல்லோரும் கைகாட்டுவது வேடரை. 2024 இல் பனாரஸ், ஹைதராபாத், கொழும்பு ஆய்வாளர் சேர்ந்து செய்ததில் வேடர் இந்தியப் பழங்குடிகளான சந்தால், இருளர், பணியர் போன்றோரோடு நெருங்குகிறார்கள், சிங்களவரிடமிருந்தும் தமிழரிடமிருந்தும் தள்ளி நிற்கிறார்கள் என்று வந்தது. அதற்கு முந்திய ஆண்டு சிங்களவரைப் பற்றிச் செய்ததில், சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையில் மொழியையும் இனத்தையும் தாண்டிய பலத்த கலப்பு.

எங்கட பக்கத்துக் கதையும் இதில் இருக்கிறது. வாகரை, பால்சேனை, களுவன்கேணி என்று கரையோரம் இருக்கிற வேடர் தமிழ்தான் பேசுகிறார்கள், சடங்கில் கும்பிடுவது குமார தெய்வத்தை. மொழியை வைத்து ஆளைப் பிரித்தால் அவர்கள் தமிழர், டிஎன்ஏயை வைத்துப் பிரித்தால் வேறு வேறு விகிதம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பெரிய வீடுகளில் எத்தனை வீட்டில் ஒரு வேடப் பாட்டி இருக்கிறா என்று யாருக்குத் தெரியும், அதை எழுதி வைத்தவர்கள் யார்?


வாழைச்சேனை மச்சான்:

எழுதி வைத்தவர்கள் எல்லாம் தங்கட குடியைத்தான் முதலில் எழுதினார்கள்.


கல்லாற்றுப் பொடியன்:

மிஸ், லாப்காரன் அண்ணே, பெரிய நன்றி. மாமாவின் மகள் விஷயத்தைக் குழுவில் போட்டேன், மாமி பகுதி இப்போது கொண்டாட்டத்தில் இருக்கிறது. காலிங்கக் கேள்வி மட்டும் மிச்சம். மற்றது, தாய்வழி அவ்வளவு உறுதியானது என்றால் அந்த நியண்டர்தால் துண்டுகள் எங்கே இருந்து வந்தன? அதுவும் தாய்வழியா?


ஆரையம்பதி மிஸ்:

இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில், ஆகவே சேர்த்தே எழுதுகிறேன்.

தாய்வழி உறுதிதான். ஆனால் அது ஒரு நூல் மட்டும். உங்களுக்கு முந்திய தலைமுறையில் இரண்டு பேர், அதற்கு முன் நான்கு, பத்தாம் தலைமுறையில் 1,024 இடம். அந்த 1,024 இல் உங்கள் தாய்வழி ஒருத்தி, தகப்பன்வழி ஒருவன். மிச்சம் 1,022 பேரும் குடிக் கணக்கிலும் இல்லை, இழைமணியிலும் இல்லை, ஆனால் உங்கள் மூக்கும் முடியும் நீரிழிவும் அவர்களிடமிருந்தும் வந்திருக்கலாம். முப்பதாம் தலைமுறை, அதாவது மாகன் காலம், 107 கோடி இடம் வருகிறது, அன்றைக்கு உலகச் சனத்தொகை அதில் பாதிகூட இல்லை. ஆகவே ஒரே ஆள் பல இடத்தில் திரும்பத் திரும்ப உட்காருகிறார், மச்சானும் மச்சாளும் கல்யாணம் முடிக்கிற ஊரில் இன்னும் அதிகமாக. காலிங்கத்திலிருந்து உண்மையில் ஒரு கப்பல் ஆக்கள் வந்து, பிள்ளை குட்டியும் பெற்றிருந்தால், எண்ணூறு ஆண்டில் அவர்கள் கல்லாற்றில் மட்டுமில்லை, காத்தான்குடியிலும் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் எல்லோருக்கும் பாட்டன் ஆகியிருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் துண்டுகள் பாதி பாதியாகிப் போவதால் அப்படி ஒருவரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டுகூட வராமலும் இருக்கலாம். பாட்டன்தான், ஆனால் அவருடைய டிஎன்ஏ உங்களிடம் இல்லை. அறிக்கையில் வருகிற "தென்னிந்தியாவும் இலங்கையும்" என்பதும் இன்றைக்கு அங்கே இருக்கிற ஆக்களோடு ஒப்பிட்டுச் சொல்வது, 1215 இல் யார் எங்கே இருந்தார் என்பதைச் சொல்வது இல்லை.

நியண்டர்தால் கதை இன்னும் வடிவானது. 1997 இல் முதன்முதல் ஒரு நியண்டர்தால் எலும்பிலிருந்து எடுத்துப் படித்தது இழைமணி டிஎன்ஏயைத்தான், அதுதான் ஒரு கலத்தில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் சுலபமாக மிஞ்சும். உயிரோடு இருக்கிற எந்த மனிதருடைய இழைமணியோடும் அது சேரவில்லை. இன்றைக்கு வரைக்கும் சேரவில்லை. ஆகவே அவர்களுக்கும் எங்களுக்கும் கலப்பே இல்லை என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள். பிறகு 2010 இல் ஸ்வாந்தே பேபோவின் குழு நிறமூர்த்த டிஎன்ஏயின் முதல் வரைவை வாசித்து வெளியிட்டது, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில். ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிற எல்லோரிடமும் ஒன்று இரண்டு வீதம் நியண்டர்தால்! தாய்வழி நூல் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டிமாரையும் பாட்டன்மாரையும் ஒருபோதும் கண்டிருக்க மாட்டோம். பேபோவுக்கு 2022 இல் நோபல் கொடுத்தார்கள்.

அது வெறும் பழங்கதையும் இல்லை. கொரோனா காலத்தில், 2020 இல், பேபோவும் இன்னொருவரும் மூன்றாம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டைக் காட்டினார்கள், அது இருப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் ஆபத்துக் கூட. நியண்டர்தாலிடமிருந்து வந்த துண்டு. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரளவில் அதைச் சுமக்கிறார்கள், தென்னாசியாவில் பாதிப் பேர். உங்கள் குழுவில் குடி பார்த்துச் சண்டை பிடிக்கிறவர்களில் இரண்டில் ஒருவருக்கு அது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பகுதியிலும்.

கோயில் விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்டால், சோதனை செய்யவே வேண்டாம். பூட்டியைக் குடியில் சேர்த்தார்கள் என்று எதிர்ப்பகுதியே சொல்கிறது. சேர்த்துக்கொள்வது குடியின் உரிமை, அப்படிச் சேர்த்தது செல்லுமா இல்லையா என்பது உங்கள் பெரியவர்கள் பேசித் தீர்க்கவேண்டியது, எச்சிலில் அதற்கு விடை கிடையாது. அதோடு, தேடப் போனது ஒன்று, வெளியே வருவது இன்னொன்றாக இருக்கும். ரிச்சர்ட் அரசன் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம், தகப்பன் யார் என்ற கேள்வி கோயில் கூட்டத்தில் வந்து நின்றால் யார் பொறுப்பு?


அக்கரைப்பற்றான்:

மிஸ் சொன்னதோடு ஒரு சொல். 2023 இல் அந்த எச்சில் சோதனைக் கொம்பனிகளில் பெரிய ஒன்றிலிருந்து 69 லட்சம் பேரின் விவரம் களவு போனது, 2025 இல் அதே கொம்பனி வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. நீங்கள் துப்பினால் உங்கள் சாச்சி, பெரியம்மா, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் கேட்காமலே அதற்குள் வந்துவிடுகிறார்கள்.


கல்லாற்றுப் பொடியன்:

விளங்கிவிட்டது, கோயிலுக்காகச் செய்யப் போவதில்லை. ஆனால் எனக்கே இப்போது ஆசை வந்துவிட்டது. பெற்ற தாயின் தாய்க்கு ஒரு தங்கச்சி மண்டூரில் இருக்கிறா, வயது எண்பதுக்கு மேல், இதெல்லாம் சொன்னால் சிரித்துக்கொண்டே சரி என்பா. அவவின் எச்சில் நல்லதா, என்னுடையது காணுமா? நான் ஆண் பிள்ளை.


தம்பிலுவில் லாப்காரன்:

இழைமணிக்கு உங்களுடையதே காணும். ஆண் பிள்ளைக்கும் தாயின் இழைமணிதான் இருக்கும், நீங்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கமாட்டீர்கள், அவ்வளவுதான். மற்ற நிறமூர்த்தங்களுக்கு அம்மம்மாவின் தங்கச்சி பெறுமதியானவ, உங்களிடம் வராமல் போன எத்தனையோ துண்டு அவவிடம் இருக்கும். அவ சரி என்றால் மட்டும், என்ன செய்கிறோம் என்று விளங்கப்படுத்திவிட்டு. விலை குறைந்த சோதனைகள் அங்குமிங்கும் சில லட்சம் இடங்களை மட்டும் பார்ப்பவை, இழைமணியை முழுதாக வாசிக்காது. "முழு இழைமணி வரிசை" என்று தனியாகக் கேட்டு வாங்க வேணும்.

குழாயில் துப்புவதற்கு முன் அரை மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடக் குடிக்கக் கூடாது. மண்டூர் அம்மம்மா வெற்றிலை போடுகிறவ என்றால், அந்த அரை மணித்தியாலத்துக்கு வட்டாவை எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள், வாயையும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.